புதன்கிழமைப் பெண்ணும் சனிக்கிழமைக் கடவுச்சீட்டும்

“நீங்கள் என்ன கிழமை பிறந்தனீங்கள்?”

சுவிஸில், வின்டர்தூரில் ஒரு தொழிற்சாலைக் கான்டீனின் பின்பக்கம், நீராவிக்குள் நின்று தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து தட்டுகள் குவிந்துகொண்டிருந்த நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் என் முன்னால் நின்று கேட்ட கேள்வி அது. வணக்கம் இல்லை, பெயர் சொல்லவில்லை. சாம்பல் நிறக் கோட், காதில் செருகிய பேனை, கையில் பாதி கடித்த அப்பிள்.

அந்தக் காலத்தில் என்னிடம் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் பொலிஸ்காரர்களும் ரயில் டிக்கட் பரிசோதகர்களும்தான். எந்த நாடு, எந்த வழியால் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய். என் வாய் அந்தப் பதில்களுக்கே பழகியிருந்தது. என்ன கிழமை பிறந்தாய் என்று இந்த ஊரில் ஒரு குருவி கூடக் கேட்டதில்லை.

“செவ்வாய்” என்றேன். யோசிக்கவே தேவையில்லை. வீட்டில் நான் எதைப் போட்டு உடைத்தாலும், செவ்வாய்க்கிழமை பிறந்தது வேறு எப்படி இருக்கும் என்றுதான் அம்மா தொடங்குவார்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. மேல்மாடி முழுக்கக் கேட்டுப் பார்த்தாராம், சுவிஸ்காரர் ஒருவருக்கும் தான் பிறந்த கிழமை தெரியாதாம். தாய் தகப்பன் யாரென்று தெரியாதவர்களைப் பற்றிச் சொல்வது மாதிரி இரக்கத்தோடு அதைச் சொன்னார். பிறகு என் பிறந்த திகதியைக் கேட்டார். சொன்னேன். புறங்கையில் பேனையால் எழுதிக்கொண்டு, அப்பிளைக் கடித்தபடி போய்விட்டார்.

அவர் பேசியது ஆங்கிலம். நான் பேசியது, ஆங்கிலம் என்று நான் நம்பிய ஏதோ ஒன்று. ஆனால் இத்தனை வருடம் கழித்து என் ஞாபகத்தில் அவர் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அதை மாற்ற எனக்கு மனமில்லை. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுவிட்ட சகோதரி

தூரத்தில் வைத்து அவரை எனக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருக்க எங்கள் தலைமைச் சமையல்காரர் விடவில்லை. அவருக்கு உலகத்தில் இரண்டே நாடுகள்தான்: சுவிஸ், மற்றது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, உன் சகோதரி மேலே கொம்பியூட்டர் பகுதியில் இருக்கிறாளே, நீ மட்டும் ஏன் தட்டுக் கழுவ வந்தாய், குடும்பத்தில் நீதான் மொக்கனோ என்று விசாரித்தார்.

நான் இலங்கை, அவர் கானா, நடுவில் ஒரு பெருங்கடலும் அரைக் கண்டமும் கிடக்கிறது என்று ஈர மேசையில் விரலால் படம் கீறிக் காட்டினேன். கவனமாகப் பார்த்தார். கடைசியில், சரி, அப்போது ஒன்றுவிட்ட சகோதரி என்றார்.

சுவிஸ்காரரைச் சொல்லி என்ன, எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் திறமா? வீடு என்றால் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறை. நான், சமையலில் கெட்டிக்காரனான குணம், எங்கள் இருவருக்கும் மூத்தவரான பரமண்ணை. பரமண்ணை ஊரில் அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்தவர். இங்கே முதியோர் இல்லத்தில் தரை துடைத்தாலும் அந்தக் கந்தோர்த் தோரணை அவரை விட்டுப் போகவில்லை. ஓர் ஆபிரிக்கப் பெண் கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறார் என்று நான் சொன்னபோது, “துடைக்கிறாவாக்கும்” என்றார்.

ஆபிரிக்கர்களைச் சொல்ல எங்கள் ஆட்களிடம் ஒரு சொல் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். தெரிந்தவர்கள் வெட்கப்படுங்கள், தெரியாதவர்கள் அப்படியே இருங்கள். பஸ்ஸில் தன் பக்கத்து இருக்கையில் ஒரு சுவிஸ்காரரும் இருக்கவில்லை என்று வந்து பொரிந்து தள்ளும் அதே வாய்தான் அந்தச் சொல்லையும் கூசாமல் சொல்லும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வீடு பரமண்ணையின் பெயரில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுவேன்.

பிழைக்கிற பிறந்தநாட்கள்

அடுத்த நாள் அந்தப் பெண் திரும்பி வந்தார். முகத்தில் நேற்றைய வெளிச்சம் இல்லை.

“நீங்கள் செவ்வாய் இல்லை. வியாழன்.”

அம்மா பொய் சொல்லமாட்டார் என்றேன், கொஞ்சம் ரோசத்தோடு. அப்படியென்றால் பொய் சொல்வது தன்னுடைய புரோகிராம்தான் என்று சொல்லிவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த மரக்கறிப் பெட்டியில் பொத்தென்று இருந்தார். அப்போதுதான் கதை வெளியே வந்தது.

தொழிற்சாலை இயந்திரங்கள் செய்து நாலு திசைக்கும் அனுப்புவது. எந்தப் பாகம் எந்த நாள் வரவேண்டும், எந்த நாள் ஏற்றவேண்டும் என்பதை அதுவரை ஒரு கிழவர் சுவர் நிறைய அட்டை குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்யும் புரோகிராமை இவர் எழுதியிருக்கிறார். அதற்கு உயிர்நாடி நாள்காட்டி. ஒரு திகதியைக் கொடுத்தால் அது என்ன கிழமை என்று பிழையில்லாமல் சொல்லவேண்டும். பிழைத்தால் ஞாயிற்றுக்கிழமை லொறி வரும். சுவிஸில் ஞாயிற்றுக்கிழமை புல்லு வெட்டினாலே அயலவர் பொலிசுக்குத் தொலைபேசி அடிப்பார். லொறி வந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் எழுதி முடித்த சந்தோசத்தில், விளையாட்டாகத் தன் பிறந்த திகதியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை என்று வந்தது. அங்கே பிடித்தது சனி.

“உங்களுக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். எனக்கு என்ர பெயரே அதுதான்” என்றார்.

தொழிற்சாலையில் அவரை ஃப்ராவ் கிரேஸ் என்று கூப்பிடுவார்கள். அது ஞானஸ்நானத்தில் கோயிலில் வைத்த பெயர். வீட்டுப் பெயர் அக்குவா. அவருடைய ஆட்கள் பிள்ளை பிறந்த கிழமையைப் பார்த்துத்தான் பெயர் வைப்பார்களாம். புதன்கிழமை பிறந்த பெண்பிள்ளை அக்குவா. சனிக்கிழமை பிறந்திருந்தால் வேறு பெயர், வேறு ஆள். செவ்வாய்க்கிழமை ஆண்பிள்ளையான எனக்கு அங்கே குவபேனா என்று பெயராம். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. என் சொந்தப் பெயரை அந்தத் தொழிற்சாலையில் ஒருவரும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை.

அடுத்த வாரக் கடைசியில் பெரியவர் ஹெர் ஸ்டுட்ஸுக்கு முன்னால் புரோகிராமை ஓட்டிக் காட்டவேண்டும். சரியாக ஓடினால் அக்குவாதான் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர், வேலை நிரந்தரம். பிழைத்தால் ஒப்பந்தம் முடிகிறது. ஒப்பந்தம் முடிந்தால் வதிவிடப் பேமிற் முடிகிறது, பேமிற் முடிந்தால் பெட்டி கட்டவேண்டும். குமாசியில் கணிதம் படித்து, உதவிப்பணத்தில் சூரிச்சுக்கு வந்து, குளிரில் பல்லடித்துக்கொண்டு படித்ததெல்லாம் திரையில் வந்த அந்த ஒரு சனிக்கிழமையில் போய் நிற்கிறது.

போதாததற்கு ரோல்ஃப். பக்கத்து மேசை. அந்தப் பொறுப்பு தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். இவர் வெள்ளை மனதோடு அவனிடமே போய், என் திகதிக்குப் பிழைக்கிறது, என்னவென்று கொஞ்சம் பார்க்கிறாயா என்று கேட்டிருக்கிறார். அவன் பார்க்கவில்லை. ஞாபகத்தில் மட்டும் வைத்துக்கொண்டான்.

அதனால்தான் கிழமை தெரிந்த ஆட்களைத் தேடிக் கீழே வந்திருக்கிறார். இன்னும் இரண்டு பேரின் திகதி கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்குமாவா? எங்கள் வீட்டில் கிழமை கேட்டால் நட்சத்திரமும் லக்கினமும் சேர்த்துத் தருவார்களே. பரமண்ணை கந்தோர்க் குரலில் கிழமை, திகதி, பாதம், இராசி எல்லாம் ஒப்புவித்தார். குணம் வெங்காயம் வெட்டியபடியே சொன்னான். இரண்டையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

இரண்டும் பிழைத்தன. பரமண்ணை வெள்ளி, புரோகிராம் புதன் என்றது. குணம் ஞாயிறு, அது திங்கள் என்றது.

அக்குவா அன்று மரக்கறிப் பெட்டியில் நெடுநேரம் இருந்தார். ஒரு பிழையென்றால் ஓர் இடத்தில் தேடலாம், நாலும் நாலு விதமாகப் பிழைத்தால் எங்கே தேடுவது என்றார். தான் கணிதம் படித்தவள்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது என்றபோது குரல் உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்றேன். யாழ்ப்பாணத்தானுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

பரமண்ணையின் மூன்று

வீட்டில் அன்று அமளி. பரமண்ணை, இவள் ஆர், எங்களுக்கென்ன உறவு என்று புறுபுறுத்தபடியே சேட்டுக்கு இஸ்திரி போட்டார். குணம் விருந்தாளிக்கு உறைக்கும் என்று இறால் குழம்பில் தூளைப் பாதியாகக் குறைத்தான். அக்குவா கோட்டைக் கழற்றி, கை கழுவி, கையாலேயே குழைத்து ஒரு வாய் வைத்தார். பிறகு மிகவும் மரியாதையாக, சுகமில்லாத ஆட்கள் யாரும் வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார். குணத்தின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். போய் மிளகாய்ப் பொரியலைப் போத்தலோடு கொண்டுவந்து வைத்தான்.

பரமண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்களுக்கெல்லாம் ஆர் படிப்பிச்சது என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஐரிஷ் பாதிரிமார் என்றார் அக்குவா. உங்களுக்கு என்று திருப்பிக் கேட்டார். பரமண்ணைக்கும் படிப்பித்தது ஒரு பாதிரியார்தான். பிரம்பு, பாதிரியார் வாயில் சாராய வாசம், ஆங்கிலத்தில் பேசாவிட்டால் குற்றப்பணம், எல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. பத்து நிமிசத்தில் அவர்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் மாதிரிப் பாதிரிமாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் குணத்துக்கும் இடமில்லை.

அந்த உற்சாகத்தில் பரமண்ணை அக்குவாவின் சிக்கலைக் கையில் எடுத்தார். உங்கட ஆக்களுக்கு நாள் எப்ப தொடங்குது, நடுச்சாமத்திலயோ, விடியவோ என்று கேட்டார். எங்கள் பஞ்சாங்கத்தில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். விடிய முன்னம் பிறந்த பிள்ளைக்கு வெள்ளைக்காரன் ஒரு கிழமை சொல்வான், சாத்திரியார் இன்னொன்று சொல்வார். அக்குவா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கண் ஒருமுறை மின்னியது. பிறகு விரலில் எண்ணிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்படி ஒரு நாளைத்தான் இழுக்கலாம், சனியைப் புதனாக்க முடியாது.

குணம் சோற்றுச் சட்டியோடு வந்தவன் அப்படியே நின்றான்.

“அண்ணை, நீங்கள் இவவுக்கு எந்தத் திகதியைக் குடுத்தனீங்கள்?”

“பேமிற்றில இருக்கிறதைத்தான். வேற எதைக் குடுக்கிறது?”

குணம் என்னைப் பார்த்தான். நான் பரமண்ணையைப் பார்த்தேன். நானும் அதைத்தான் கொடுத்திருந்தேன். குணமும் அதைத்தான். வேலையிடத்தில் ஒருவர் பிறந்த திகதி கேட்டால் எங்கள் வாயில் வேறு எது வரும்? விசாரணையில், வதிவிடக் கந்தோரில், வேலைக்குச் சேரும்போது, எங்கே கேட்டாலும் அந்த ஒரே திகதி, ஒரு நாள் அங்கே இங்கே பிசகாமல். நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் அதுதான் வரும். அது பிறந்த திகதியல்ல என்பதை நாங்கள் மூன்று பேரும் சுத்தமாக மறந்தே போயிருந்தோம். கிழமையை அம்மாவிடமிருந்து எடுத்தோம், திகதியை எங்களுக்குக் கடவுச்சீட்டு செய்து அனுப்பிய ஏஜென்டிடமிருந்து எடுத்தோம். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

அக்குவாவுக்கு விளங்கப்படுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

“ஒரு ஆளுக்கு எத்தினை பிறந்தநாள்?”

“எனக்கு மூண்டு” என்றார் பரமண்ணை, நிமிர்ந்து உட்கார்ந்து. சாதகத்தில் ஒன்று. அரசாங்க வேலைக்கு வயது போய்விடக்கூடாதென்று பள்ளிக்கூடத்தில் குறைத்துப் போட்டது ஒன்று. கொழும்பு ஏஜென்ட் தன் வசதிக்குப் போட்டது ஒன்று. ஏதோ மூன்று பட்டம் வாங்கியவர் மாதிரிச் சொன்னார்.

அக்குவா சிரிக்கத் தொடங்கினார். மேசையில் தலையை வைத்துச் சிரித்தார், கண்ணீர் ஓடச் சிரித்தார். ஒரு வாரமாகத் தன்னைத் தின்று தீர்த்த பிழை புரோகிராமில் இல்லை, எங்கள் மூன்று பேரில் இருந்திருக்கிறது. என் முதுகில் ஓங்கி ஓர் அறை விழுந்தது. இன்றைக்கும் உறைக்கும்.

பிறகு திடீரென்று சிரிப்பு நின்றது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டார். அப்படியே இருந்தார்.

“பள்ளிக்கூடத்தில சேரேக்க இப்பிடித்தான் தொடச் சொன்னவை. எட்டினால் வயது காணும். எட்டினது. வாத்தியார் உடன ஒரு திகதி எழுதினவர்.”

குணம் சட்டியை வைத்துவிட்டுத் தன் காதைத் தொட்டுப் பார்த்தான். நானும் தொட்டேன். பரமண்ணையும் முயன்றார், தோள் பிடித்துக்கொண்டு கை கீழே இறங்க மறுத்துவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து இறக்கவேண்டியிருந்தது.

வாயைத் திறக்காதேங்கோ

அடுத்த நாள் அக்குவா எங்கள் மூன்று பேரின் உண்மையான திகதிகளையும் போட்டுப் பார்த்தார். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு. மூன்றும் சரி. பின்னேரம் தபால் கந்தோரில் இருந்து கானாவுக்கு அழைத்தார். தாய் வீட்டில் தொலைபேசி இல்லை. மாமாவின் கடைக்கு எடுத்து, ஆளைக் கூட்டிவரச் சொல்லி, மறுபடி எடுத்து, ஒருவழியாக அம்மா வந்தார். வாத்தியாருக்கு ஒரு இலக்கம் தேவைப்பட்டது, போட்டார், அதற்கு இப்போது என்ன என்று கேட்டாராம் அம்மா. திகதியெல்லாம் தனக்குத் தெரியாதாம். மழை தொடங்கிச் சோளம் போட்ட நாட்கள், மாமா முதல் லொறி வாங்கிய வருடம், புதன்கிழமை. புதன் என்றுதான் அப்போதே பெயர் வைத்தேனே, இன்னும் என்ன வேண்டும் என்று கோபித்துக்கொண்டாராம். கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். கேட்டு முடிக்கமுதல் இணைப்பு அறுந்துவிட்டது.

ஆக, புரோகிராம் சரி, அக்குவாவும் சரி. பிழை கடவுச்சீட்டில். சந்தோசப்படலாம் என்று பார்த்தால், பரமண்ணை வெளிறிப்போனார். கையைத் தடவியபடி என்னிடம் சொல்லி அனுப்பினார்: சீவன் போனாலும் அதை மட்டும் வெளியில் சொல்லவேண்டாம்.

“சுவிஸில திகதி பிழை எண்டால் ஆளே பிழை. வாயைத் திறக்காதேங்கோ எண்டு சொல்லு.”

அது விசர்க்கதை இல்லை. வெளிநாட்டவர் பொலிசுக்கு ஒரு திகதி பிசகினாலே போதும், அடியில் இருந்து எல்லாவற்றையும் கிளறுவார்கள். ஆராவது கேட்டால், அம்மாவுக்கு வயது போய்விட்டது, நான் சனிக்கிழமைதான் பிறந்தேன் என்று சொல்லிவிடட்டும், பெயரில் என்ன இருக்கிறது என்பது பரமண்ணையின் யோசனை. நான் அதைச் சொன்னபோது அக்குவா மறுத்துப் பேசவில்லை. சரி, கிரேஸ் என்று இருக்கிறதுதானே, சமாளிக்கலாம் என்றார். ஆனால் அப்பிளைக் கடிக்காமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

பெரியவரின் கலியாணம்

அந்த நாள் வந்தது. மேல்மாடி அறைக்குக் கோப்பியும் பிறை வடிவ ரொட்டியான கிப்பெலியும் கொண்டுபோக ஆள் வேண்டும் என்றார்கள். நான் முந்திக்கொண்டேன். சமையல்காரர், சகோதரிக்காகப் போகிறாய், போ என்றார். இந்த முறை நான் கடல் கண்டமெல்லாம் கீறிக்கொண்டிருக்கவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. பெரியவர் ஹெர் ஸ்டுட்ஸ் நடுவில். கட்டையான, சிரிக்காத மனிதர். அட்டை குத்தும் கிழவர் ஓர் ஓரம், ரோல்ஃப் கை கட்டிக்கொண்டு மறு ஓரம். அக்குவா விசைகளைத் தட்டத் தட்ட, பாகங்களும் லொறிகளும் வரிசைக்கு வந்தன. கிழவர் கேட்ட பண்டிகை விடுமுறைகளைக் கூட அது சரியாகத் தாண்டிப் போனது. பெரியவருக்கு முகத்தில் ஒரு சின்ன இளக்கம். அதிகம் சந்தோசப்பட்டால் சுவிஸ்காரர் விளையாட்டுப் பிள்ளையாகிவிடுவார்கள். தன் கலியாணத் திகதியைச் சொல்லி, இது என்ன கிழமை என்று கேட்டார்.

வெள்ளி என்று வந்தது.

பெரியவரின் முகம் இறுகியது. சனிக்கிழமை என்றார். கோயில் மணி, பாண்ட் வாத்தியம், எல்லாம் தனக்கு நல்ல ஞாபகம் என்றார். ரோல்ஃப் அந்த நேரம் பார்த்துக் கட்டிய கையை அவிழ்த்தான். கிரேஸின் சொந்தத் திகதிக்கும் இது பிழைக்கிறது, அவரே என்னிடம் சொன்னார் என்றான். அந்தக் குரலில் இருந்த அனுதாபத்தை வெண்ணெய் மாதிரிப் பாணில் பூசிச் சாப்பிடலாம்.

பெரியவர் மேசைத் தொலைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தார். அவருடைய மனைவிக்கு நல்ல சத்தம், அறைக்கே கேட்டது. வெள்ளிக்கிழமை பதிவுக் கந்தோரில் கையெழுத்து, சனிக்கிழமை கோயிலில் கலியாணம், வெள்ளி அரசாங்கத்துக்கு, சனி எங்களுக்கு, இத்தனை வருடம் கழித்து இதைக் கேட்கிறாயே என்று அவர் ஒரு பிடி பிடித்தார். பெரியவர், ஓம், ஓம் என்று கேட்டுவிட்டு வைத்தார். கழுத்து சிவந்திருந்தது. இத்தனை காலமும் மனைவிக்குப் பூ வாங்கிக் கொடுத்தது அரசாங்கத்தின் நாளில் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும்.

பிறகு அக்குவாவின் பக்கம் திரும்பினார். உங்களுடையது எப்படி என்று கேட்டார்.

நான் அக்குவாவைப் பார்த்தேன். பரமண்ணையின் யோசனை அவர் நாக்கு நுனியில் நிற்பது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு மறதி என்று ஒரு சொல். அவ்வளவுதான். வேலை, பேமிற், எல்லாம் கையில். சொல்லிவிடு என்று மனதுக்குள் கும்பிட்டேன். சொல்லாதே என்றும் கும்பிட்டேன்.

“புரோகிராம் சரி” என்றார் அக்குவா. “கடவுச்சீட்டுத்தான் பிழை. என்ர பெயர் அக்குவா. புதன்கிழமை பிறந்தவள் எண்டு அர்த்தம். அந்த நேரம் என்ர அம்மா அங்கை இருந்தவ. திகதி எழுதின வாத்தியார் இருக்கேல்லை.”

ரோல்ஃப் இதை வெளிநாட்டவர் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும் என்றான். பெரியவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். என் கலியாணத்தையும் சேர்த்து அறிவிக்கிறாயா என்று கேட்டார். கிழவர் கிப்பெலிக்குள் சிரித்தார். பிறகு பெரியவர் புரோகிராம் சரியென்றால் சரி என்று சொல்லி, தன் கோப்பியைக் குடித்தார். அவ்வளவுதான். பொறுப்பாளர் பதவி அந்த ஒரு வாய்க் கோப்பியில் முடிவாகிவிட்டது.

ஆனால் அவருக்கு இன்னொன்று மனதைக் குடைந்தது. அப்போது உண்மையான திகதி எது என்று கேட்டார். தெரியாது என்றார் அக்குவா. பூட்டாத கதவைக் கண்ட மாதிரி பெரியவர் தவித்துப்போனார். ஒரு மனிதருக்குத் திகதி இல்லாமல் எப்படி? திரையைக் காட்டி, இது கண்டுபிடிக்காதா என்றார்.

அக்குவா அதை யோசித்ததே இல்லை. எழுதியவரே அவர்தான். திரும்பி இருந்து, வீட்டில் ஒருவரும் மறக்காத, மாமா லொறி வாங்கிய வருடத்தையும் மழை தொடங்கும் மாதங்களையும் தட்டினார். புதன் என்று தட்டினார். பச்சை எழுத்தில் திகதிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கின. எல்லாம் புதன்கிழமைகள்.

“இதில ஒரு நாள்தான் அம்மா என்னைப் பெத்தவ” என்றார்.

ஒன்றைத் தெரிவு செய்யுங்கள் என்றார் பெரியவர், தன்னால் முடிந்த மென்மையோடு. காரணமும் சொன்னார். இந்த நாட்டு வேலையிடங்களில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவரவேண்டும். எந்த நாள் கேக் வரும் என்று தெரியவேண்டாமா?

அக்குவா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஒருக்கா ஒருத்தர் எனக்கு ஒரு திகதியைத் தெரிஞ்சு தந்தவர். அது போதும். இது எல்லாத்தையும் நான் வைச்சிருக்கிறன்.”

வைத்துக்கொண்டார். வெளியே பனி உருகத் தொடங்கியிருந்தது. கானாவில் மழை தொடங்கிவிட்டதென்று அம்மா சொன்ன வாரத்தில் இருந்து, ஒவ்வொரு புதன்கிழமையும் அக்குவா கேக் கொண்டுவந்தார். கான்டீனில் வைத்து வெட்டுவார். பரமண்ணைக்கென்று ஒரு துண்டு என் கையில் பொதியாக வரும். அவரும் சாப்பிட்டுவிட்டு, அக்குவா நல்லாச் செய்திருக்கிறா என்பார். அந்தப் பழைய சொல்லை அதன் பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை. ரோல்ஃப் மட்டும், அந்தத் திகதிகள் இந்த வருடம் புதன்கிழமைகளில் வராதே என்று கணக்குப் பார்த்துச் சொன்னான். அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

சோளம் முளைத்து, மழை ஓயும்வரை அது நடந்தது. எங்கோ ஒரு தாய் நொந்து பெற்ற ஒரு புதன்கிழமையை, எது என்று தெரியாமலே, நாங்கள் தவறவிடாமல் கொண்டாடிவிட்டோம்.